கொடியின் எண்ணெயும் கொழுந்தின் மலையும்

கேள்வி: திராட்சை விதை எண்ணெய் உடலுக்கு நல்லதாமே, பதுளைத் தோட்டத்து லயத்தில் அதை வாங்கிச் சமைக்கலாமா?

பதில்: விலையைப் பார்த்தபின்னும் கேள்வி நிலைத்திருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். வைன் பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலுள்ள விதைகளிலிருந்து எடுக்கப்படும் இவ்வெண்ணெயில் ஏறத்தாழ 70 வீதம் லினோலெயிக் அமிலம், அதாவது உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாமல் உணவிலிருந்தே பெறவேண்டிய ஒமேகா-6 கொழுப்பு, அமைந்திருக்கிறது. வைட்டமின் ஈ-யும் உண்டு. இரத்தக் கொழுப்பை உயர்த்தவல்ல நிறைவுற்ற கொழுப்பு தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 வீதமாக இருக்க, இதில் பத்தில் ஒரு பங்களவே. ஆயினும் மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி என்ற கணக்கில் இரண்டும் உடன்பிறப்புகளே.

தனக்கென மணமில்லாத இவ்வெண்ணெயில் கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தால் அவற்றின் வாசமே மேலெழும். தேங்காயெண்ணெய் மணத்துக்குப் பழகிய மூக்கு மட்டும் ஏமாறும். மீண்டும் மீண்டும் காய்ச்சினால் எளிதில் கெடுவதால், வடை பொரிக்க இது உகந்ததன்று.

இதைவிடச் சுவையான செய்தி, தேயிலையின் நெருங்கிய உறவான கமெலியா ஒலீபெராவின் விதையிலிருந்து தென்சீனத்தார் நெடுங்காலமாகச் சமையலெண்ணெய் எடுத்துவருவதாகும். ஊவா மலைகளிலோ, ஓயாமல் கொழுந்து பறித்து, இடையிடையே கவ்வாத்தும் வெட்டுவதால், காய்த்து விதை தரத் தேயிலைச் செடிக்கு ஓய்வே கிடைப்பதில்லை.