பாட்டன் பெயர் தெரியும், எடை தெரியாது

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஜாதி நாய் வளர்க்கும் தமிழரை அடையாளம் காண நாயைப் பார்க்க வேண்டியதில்லை. "எங்க ரெக்ஸ் இருக்கானே" என்று அவர் ஆரம்பிக்கும் தோரணையே போதும். ஜெலுத்தோங் வட்டாரத்தில் அவருடைய டெரஸ் வீட்டின் முன்கூடத்தில் சாமி படத்துக்கு அடுத்த ஆணியில் தொங்குவது மலேசியக் கென்னல் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ். தம்முடைய பூட்டன் இந்தியாவிலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்தாரா, வேறு கப்பலில் வந்தாரா என்று கேட்டால் தலையைச் சொறிவார். ஜெர்மன் ஷெப்பர்டான ரெக்ஸின் பூட்டன் ஜெர்மனியில் வாங்கிய பட்டத்தை மட்டும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இப்பேர்ப்பட்டவர் ஓர் இரவு, வெளிநாட்டு நாய்ச் சங்கம் ஒன்று இணையத்தில் விட்ட உடல்நல ஆய்வுப் பாரத்தைத் திறக்கிறார். படிவத்தை நம் ஊரில் பாரம் என்கிறோம். அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் அவருக்கு அன்றிரவுதான் விளங்குகிறது. அந்தப் பாரம் நாயின் உடம்பை விசாரிப்பதற்கு முன் நாய்க்காரரின் மனசைப் பதிவு செய்துவிடுகிறது என்பது என் கட்சி.

பெயர், பதிவு எண், தாய் தகப்பன் எல்லாம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தது எடை. "முப்பது கிலோ" என்று தட்டுகிறார். அது எப்போதோ தடுப்பூசி போடப்போன நாளில் நிறுத்த கணக்கு. இன்றைய ரெக்ஸோ அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு அரிசி மூட்டைபோலக் கிடக்கிறது. உணவு? "பாக்கெட் தீனி மட்டும்." காலையில் மேசைக்கு அடியில் கைமாறும் ரொட்டி சானாய்த் துண்டு கணக்கில் வராது, பருப்புக் குழம்பில் தோய்த்திருந்தாலும் அது உணவல்ல, பாசம். நொண்டுகிறதா? "இல்லை." "ஏங்க, காலையில எழும்போது பின்னங்கால இழுக்குதே" என்று மனைவி நினைவூட்டினால், "அது இழுக்கறது இல்ல, ஜெர்மன் நாய் நடையே அப்படித்தான்" என்று பதில் வரும். உண்ணி எந்தெந்த மாதங்களில் வரும் என்ற கேள்வியில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. குளிர்தேசத்துக் கேள்வி அது. உண்ணிக்கு விடுமுறை மாதம் பினாங்கில் ஏது?

இதைப் பினாங்குக்காரர்களின் தனிக்குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் கென்னல் சங்கம் 2004இல் நடத்திய ஆய்வில் 15,881 ஜாதி நாய்களின் சாவுக்குக் காரணத்தை வளர்த்தவர்களிடமே கேட்டார்கள். புற்றுநோய் 27 விழுக்காடு, இதயநோய் 11 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவில் 18 விழுக்காட்டோடு நின்றது 'முதுமை'. முதுமை ஒரு நோயே அல்ல. "வயசாகிப்போச்சுங்க" என்று நம்மவர் சொல்வதன் ஆங்கிலப் பதிப்பு. 2014இல் அதே சங்கம் இணையவழி நடத்திய ஆய்வில் 43,005 நாய்களில் 65.8 விழுக்காட்டுக்கு ஒரு நோயும் இல்லை என்று வளர்ப்பவர்கள் எழுதினார்கள். அதிகம் பதிவான கோளாறு எது தெரியுமா? கொழுப்புக்கட்டி. தடவிக்கொடுக்கும்போது கையில் தட்டுப்படுகிற கட்டி! கைக்கு எட்டியது பாரத்துக்கும் எட்டியிருக்கிறது.

அப்படியானால் இந்த வெட்டி வேலை எதற்கு, மருத்துவமனைப் பதிவேட்டையே புரட்டலாமே என்று கேட்கலாம். பதிவேட்டில் இருப்பது மருத்துவமனைக்கு வந்த நாய். நள்ளிரவில் இருமுகிற, விடிகாலையில் எழத் திணறுகிற, மஞ்சள் பூச்சோடு கைவைத்தியம் முடிந்துபோகிற நாயைப் பார்த்தவர் வீட்டுக்காரர் ஒருவரே. வம்சாவளிச் சான்றிதழே போதாதா என்பார் இன்னொருவர். சான்றிதழில் தாத்தாவின் பெயர் இருக்கும், தாத்தாவின் இடுப்பு வலி இருக்காது. ஜெர்மன் ஷெப்பர்டின் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக இறங்குவது; எந்த நாயை எதனோடு சேர்க்கக் கூடாது என்று முடிவெடுக்க, பட்டங்களைவிட இந்த நொண்டல் கணக்குதான் உதவும். என் ஒரு நாயால் என்ன ஆகிவிடும் என்பவருக்கும் பதில் உண்டு: அப்படி நினைத்து ஆளாளுக்கு ஒரு நொண்டலை விழுங்கியதால்தான் அடுத்த குட்டியும் நொண்டுகிறது.

ஆகவே பாரத்தை நிரப்புங்கள், ஐயா. 'தெரியாது' என்றொரு கட்டம் இருந்தால் கூச்சப்படாமல் அதைத் தொடுங்கள். தெரிந்ததுபோல் எழுதும் பொய்யைவிட ஆய்வுக்காரருக்கு அது மேல். எடையை மட்டும் இன்றே தெரிந்துகொள்ளலாம். ரெக்ஸைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி, கழித்துப் பாருங்கள். தூக்க முடியவில்லையா? அதுவும் ஒரு பதில்தான்.