ஈயச் சொம்பு போன வழி

போன மாதம் என் பேத்தி செல்போனில் தட்டி ஓர் ஈயச் சொம்பு வரவழைத்தாள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் குமிழ் குமிழான பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு வெல்வெட் பை, அதற்குள் சொம்பு. கல்யாணமாகிப் புக்ககம் போனபோது என்னைக்கூட இவ்வளவு பத்திரமாகக் கட்டி அனுப்பவில்லை. கூடவே வழவழத் தாளில் ஒரு குறிப்பு: காலிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது, உருகிவிடும்.

பேத்தி அதை உரக்க வாசித்துவிட்டுச் சிரித்தாள். "இதையெல்லாம்கூட எழுதணுமா? யாராவது அப்படிப் பண்ணுவாங்களா பாட்டி?"

நான் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை.

1971. எனக்கு வயது 19. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ரசம், ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கும். முழுக்க ஈயத்திலேயே வார்த்த சொம்பை நான் முதலில் பார்த்தது கும்பகோணத்தில், மாமியார் வீட்டு அடுக்களையில்தான். வெள்ளியும் இல்லை, அலுமினியமும் இல்லை. அழுத்திப் பிடித்தால் கையோடு வந்துவிடும் போல ஒரு மெத்தனம். அதில் விட்ட ரசத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. வெறும் புளித்தண்ணீரை வைத்தாலும் அதற்கு ஒரு களை வந்துவிடும்.

அன்றைக்குப் பிரதோஷம். மாமியார் கும்பேஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பும்போது, "வரதுக்குள்ளே ரசம் வெச்சுடு" என்று ஒரே வரியில் பொறுப்பை ஒப்படைத்தார். காலிச் சொம்பை வைக்காதே என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. கும்முட்டி அடுப்பில் கரி நன்றாகக் கனன்று கொண்டிருந்தது. பித்தளைப் பாத்திரத்தைக் காயவைத்துத்தானே எதையும் விடுவோம் என்ற விழுப்புரத்து ஞானத்தோடு சொம்பைத் தூக்கி அடுப்பில் வைத்தேன். கறிவேப்பிலை கிள்ளிவரக் கொல்லைப்புறம் போனேன்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆத்து மருமகள். என் வயதுதான், எனக்கு ஆறு மாதம் முன்னால் வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த ஆறு மாத சீனியாரிட்டியில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். யார் மாமியார் எப்போது தூங்குவார், எந்தக் கிணற்று ராட்டினம் சத்தம் போடாது, இதெல்லாம் அவளிடம் கற்றதுதான். அன்று என்ன பேசினோம் என்று நினைவில்லை. பத்து நிமிஷம் இருக்கும்.

திரும்பி வந்தால் அடுப்பின் மேல் சொம்பு இல்லை. திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கரிக்கு நடுவே பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையாக என்னவோ மின்னுகிறது. வாய்ப்பகுதி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிழிந்துபோட்ட வாழைமட்டை மாதிரி கிடந்தது.

காரணம் பிற்பாடு என் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். கனன்ற கரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ரசம் இருந்தால், தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாமல் சொம்பைக் காப்பாற்றும். ஆக, ரசத்தைச் சொம்பு காப்பதில்லை, சொம்பைத்தான் ரசம் காக்கிறது.

சுவரோரம் போய் அழுதேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். உள்ளே போய், தன் வீட்டு ஈயச் சொம்பைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்து சுவருக்கு மேலாக நீட்டினாள். "இதுலே வை. உருண்டையெல்லாம் இடுக்கியாலே பொறுக்கி வெச்சுக்கோ, எறிஞ்சுடாதே. உருகினாலும் ஈயம் ஈயம்தான், கடையிலே எடைக்கு எடுத்துப்பான். நாளைக்கு ரெண்டு பேருமாப் போய் மாத்திண்டு வந்துடலாம்."

வைத்தேன். புளித்தண்ணீர், தக்காளி, பொடி, பருப்புத் தண்ணீர் விளாவி, நுரை கூடியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி எல்லாம் சரியாகச் செய்தேன். மாமியார் வந்தார், சாப்பிட்டார், "தேவலையே" என்றார். அவர் அகராதியில் அது பாரத ரத்னா. என் உருண்டைகள் டிரங்குப் பெட்டியில் ரவிக்கைத் துணிக்கடியில் தூங்கின.

மறுநாள் காலை சொம்பைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஈயச் சொம்பு என்று ஒன்று இருந்தால் அது நசுங்கித்தான் இருக்கும். தெருவில் நசுங்காத சொம்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுச் சொம்புக்கும் அதனதன் நசுங்கல்.

"ஏண்டியம்மா, நம்மாத்துச் சொம்புக்கு இடது பக்கம்னா நசுங்கல்? ராத்திரி பொரண்டு படுத்துண்டுடுத்தோ?"

அவ்வளவுதான். திட்டவில்லை. சொம்பு நிறைய மாவடுவை எடுத்துப்போட்டு, "பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கப்படாது" என்று என்னிடம் கொடுத்து, கொல்லைச் சுவர் வழியாக இல்லாமல் வாசல் வழியாக அனுப்பினார். தண்டனை என்பது அந்த வாசல் வழிதான். அங்கே அவளுடைய மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுச் சொம்பு தெருவிலிருந்து வருவதை அவர் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கொல்லைப்பக்கமே வரவில்லை.

வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது என்ற அந்தச் சட்டத்தால் எங்கள் இருவர் வீட்டிலும் கணக்கு முடிந்ததே கிடையாது. மாவடுவுக்குப் பதில் அவள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வடாம் வந்தது. அந்த டப்பா ரசப்பொடியோடு போனது. பதிலுக்கு வந்த கிண்ணம் முறுக்கோடு போனது. 1980 மகாமகத்துக்கு எங்கள் வீட்டில் பம்பாய், டெல்லி உறவுக்காரர்கள் முற்றத்திலும் ரேழியிலும் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, தெருவில் யார் பாத்திரம் யாரிடம் என்று தெரியாமல் போய், கடைசியில் அடியில் வெட்டியிருந்த பெயர்களைப் படித்துப் பிரித்தோம். மகாமகமாவது 12 வருஷத்துக்கு ஒருமுறைதான். என் சொம்புக் கதையை மாமியார் வீட்டுக்கு யார் வந்தாலும் சொன்னார். அந்த மகாமகத்தில் மட்டும் நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். குளத்தில் முங்கிப் பாவத்தைத் தொலைத்தவர்கள் என் பாவத்தைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அப்புறம் எவர்சில்வர் வந்தது. அதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. அதற்கு மாறிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. தெருவில் வந்து கரி மூட்டி, துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்துக் கறுத்த பித்தளையைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்த ஈயம் பூசுகிறவர், ஒருநாள் வேலையில்லாமல் திரும்பிப் போனார். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவருக்கோ வேலை குறையவே இல்லை. 2004 மகாமகம் முடிந்த கையோடு வீட்டை விற்றபோது அண்டா, அடுக்கு, வெண்கலப் பானை எல்லாம் எடைக்குப் போயின. அவற்றோடு, உருண்டைகளைக் கொடுத்து மாற்றி வாங்கிய அந்த இரண்டாவது ஈயச் சொம்பும் போனது. எடைக்கல்லுக்கு எதிரே அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பித்தளை அண்டாவில் தாமரைப்பூ மிதக்கவிட்டிருக்கிறார்கள். அது எங்கள் அண்டா என்கிறேன். என் பிள்ளை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

சரி, பேத்தியின் சொம்புக்கு வருகிறேன். மேஜையில் வைத்த அரை மணிக்குள் வீட்டில் கலவரம். என் பிள்ளை போனில் ஈயம் என்று போட்டுப் பார்த்திருக்கிறான். லெட் என்று வந்திருக்கிறது. "அம்மா, இது விஷம்!" மருமகள் சொம்பைத் துணியால் பிடித்துக்கொண்டுபோய் பால்கனியில் வைத்தாள், வெடிக்கப்போகிற மாதிரி.

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடித்தனம் செய்கின்றன. வெள்ளீயம் ரசச் சொம்புக்கு. காரீயம்தான் அவன் போனில் வந்த விஷம். பயத்தில் தப்பில்லை; காரீயம் உடம்பில் எந்த அளவில் சேர்ந்தாலும் பாதுகாப்பு இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வெள்ளீயத்தில் அதைக் கலந்து விற்றால் புளிப்பு அதை இழுத்து ரசத்தில் விட்டுவிடும். கும்பகோணத்துக் கடைக்காரர் சொம்பை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துக் காட்டுவார், கறுப்புக் கோடு விழவில்லையே என்பார். எங்களுக்குச் சான்றிதழ் என்பது அந்தக் காகிதமும் அவர் முகமும்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் காகிதத்தை நம்பிச் சொம்பு வாங்கிவிடாதீர்கள். முகத்தையும்தான்.) பேத்தி பெட்டிக்குள்ளிருந்து பரிசோதனைக் கூடத்துச் சான்றிதழை எடுத்துக் காட்டிய பிறகுதான் சொம்பு வீட்டுக்குள் வந்தது.

ரசம் நான்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு சின்ன விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் எனக்கு கேஸ் அடுப்பு அனுமதி கிடையாது. இரண்டு வருஷம் முன்னால் பால் வைத்துவிட்டு சஷ்டி கவசம் கேட்க உட்கார்ந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கவசம் முடிகிறவரை கேஸ் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கென்று ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. வீட்டில் அதற்குப் பெயரே பாட்டி அடுப்பு.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு ஆரம்பித்தேன். பட்ட பாடம் மறக்குமா? புளித்தண்ணீரை விட்டுவிட்டுத்தான் சொம்பைத் தூக்கினேன். பாட்டி அடுப்பில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி கத்தியது.

பெங்களூருக்கு வீடியோ கால் போட்டேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து மருமகள் இப்போது பெண்ணோடு அங்கேதான் இருக்கிறாள். வீடியோவில் எனக்குத் தெரிவது எப்போதும் அவள் நெற்றியும் மின்விசிறியும்தான். அவளுக்கு என் காது தெரியுமாம். இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 146. அத்தனை அனுபவத்தையும் திரட்டி ஆராய்ந்தோம். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். சொம்பைத் திருப்பி வைத்தேன். அடியை ஈரத்துணியால் துடைத்தேன்.

"காலிச் சொம்பா வெச்சுட்டியோ?" என்றாள்.

"இந்த ஜன்மத்துலே அதை விடமாட்டியாடி?"

சாயங்காலம் பேத்தி வந்து, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த திருப்பதிப் பெருமாள் காந்தத்தை எடுத்து சொம்பின் அடியில் வைத்தாள். பெருமாள் ஒட்டாமல் கீழே விழுந்தார். "காந்தம் ஒட்டினாத்தான் பாட்டி இந்த அடுப்பு சூடாகும். ஈயத்துல ஒட்டாது."

அன்றைக்குச் சூட்டில் நிற்காமல் ஓடிப்போன சொம்பு, இன்றைக்குச் சூடாகவே மாட்டேன் என்கிறது.

கடைசியில் ரசத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து இறக்கி, ஈயச் சொம்பில் ஊற்றி, மேலே கொத்தமல்லி தூவி, பின்னால் வாழையிலை வைத்துப் பேத்தி படம் எடுத்துப் போட்டாள். பாட்டி கைமணம், பாரம்பரிய ஈயச் சொம்பு ரசம். முந்நூற்றுச் சொச்சம் பேர் இதயம் போட்டார்கள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. எவர்சில்வர் ரசம் எப்படி இருக்குமோ அப்படி.

மறுநாள் சொம்பு நிறைய ரசப்பொடி போட்டு, வாயைத் துணியால் கட்டி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கீழ்வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெங்களூருக்குக் கூரியர் செய்துவிட்டேன். அவளுக்கு கேஸ் அனுமதி உண்டு. "நாலாயிர ரூபாய்ச் சொம்பு பாட்டி அது!" என்று பேத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். "திரும்பி வரும், வெறுமனே வராது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. குமிழ் உறையையாவது சுற்றி அனுப்பியிருக்கலாமே என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தது. நெற்றியும் மின்விசிறியும். சொம்பு வந்து சேர்ந்துவிட்டதாம். பொடி கொட்டவில்லையாம். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறதாம்.