சுண்டைக்காய் கால் பணம்

பழைய நோக்கியாவில் பேட்டரி மாற்ற நகம் போதும். கை தவறிக் கீழே விழுந்தால் அதுவும் தேவையில்லை, தானே கழன்று கட்டிலுக்கடியில் போய்விடும்.

2022-இல் ஆப்பிள் பெரிய மனது பண்ணி, அமெரிக்கர்கள் தங்கள் ஐபோனைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்றது. வாடகைக் கருவிகள் வீட்டு வாசலில் வந்து இறங்கின: இரண்டு பெட்டிகள், சுமார் 36 கிலோ. பழுதான மினி ஐபோனின் எடை 141 கிராம். வாடகை வாரத்துக்கு 49 டாலர். பெட்டிகளுக்கு ஈடாகக் கடன் அட்டையில் 1,200 டாலர் வரை முடக்கம். பேட்டரி விலை அப்போது 69 டாலர். ஆப்பிள் கடையில் கொடுத்தால் அவர்களே மாற்றித் தர? அதே 69 டாலர்தான்! நம் சுமைகூலிப் பழமொழியை யாரோ ஆப்பிளின் தலைமையகமான குப்பர்டினோவுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

ஆப்பிளின் பழுதுபார்ப்புக் கையேடு இன்னொன்றும் சொல்கிறது: பக்கத்தில் உலர்ந்த மணல் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். ஆக, போன் பழுதுபார்க்க முதலில் மணல் வியாபாரியைப் பிடிக்க வேண்டும்.

மின்காருக்கும் இப்படிப் பெட்டி அனுப்பினால் இறக்க கிரேன் வேண்டும். காருக்குள்ளிருக்கும் 400 வோல்ட்டைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை.