மீசையை நீட்டிய கதை

"அந்தப் பார்ட்டி நம்ம பக்கம் வருமான்னு கொஞ்சம் ஃபீலர்ஸ் விட்டுப் பாருங்க" என்று மேலாளர் சொன்னார். எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்து அகராதியைப் புரட்டினேன். 'புட் அவுட் ஃபீலர்ஸ்' என்றால் உணர்கொம்பை நீட்டிப் பார்ப்பதாம். உணர்கொம்பு பாடப்புத்தகத் தமிழ். எங்கள் வீட்டு அடுப்படியில் அதற்குப் பெயர் கரப்பான் மீசை.

அன்று இரவே ஒரு கரப்பான் செய்முறை விளக்கம் கொடுத்தது. சிங்க் ஓரத்துச் சந்திலிருந்து முதலில் மீசை மட்டும் வந்தது. உடம்பு நீளத்துக்கு மீசை. இந்தப் பக்கம் ஒரு துழாவல், அந்தப் பக்கம் ஒரு துழாவல். அந்த மீசை தொட்டும் பார்க்கும், மோப்பமும் பிடிக்கும். என் மனைவி துடைப்பத்தை எடுத்தாள். மீசை உள்ளே போய்விட்டது. கரப்பான் வந்ததற்கே சாட்சியில்லை. சூட்சுமம் இதுதான்: கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், "நான் எங்கே கேட்டேன்?" என்று கையை விரிக்கவும் முடிய வேண்டும்.

இதே வேலைக்கு ஆங்கிலத்தில் 'சவுண்ட் அவுட்' என்றும் சொல்வார்கள். சவுண்டு விட்டுக் கேட்பது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்த சவுண்டுக்கும் சத்தத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆழம் அளப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்தது அது. கப்பல்காரர்கள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் அப்பிய கொழுப்பு. ஆழத்தைக் கயிறு சொல்லும். அடியில் கிடப்பது மணலா சேறா என்பதைக் கொழுப்பில் ஒட்டி வருவது சொல்லும். மிசிசிப்பி ஆற்றில் இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் இருந்தால் 'மார்க் ட்வைன்' என்று கூவுவார்கள். அங்கே நீராவிப் படகு ஓட்டிய சாமுவேல் கிளெமென்ஸ் அதையே புனைபெயராக்கிக்கொண்டார்.

நம்மிடமும் சரக்குக்குக் குறைவில்லை. ஆழம் பார்ப்போம், நாடி பிடிப்போம், போட்டு வாங்குவோம், நூல் விட்டுப் பார்ப்போம். (கடைசியதைப் பெண்கள் கல்லூரி வாசலில் சொல்ல வேண்டாம்.)

மேலாளர் சொன்னது ஒரு பக்கம் இருக்க, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சொன்னது வேறு: "மாப்பிள்ளைப் பையன் எப்படின்னு காதும் காதும் வெச்ச மாதிரி விசாரிச்சுட்டு வாடா." சம்பளம், சொந்த வீடு விவரமெல்லாம் தரகர் கொடுத்துவிட்டார். கயிறு அளந்தாயிற்று. மணலா சேறா என்பதுதான் என் பொறுப்பு.

பையன் வீட்டுத் தெருமுனையில் இஸ்திரி வண்டி. வேண்டுமென்றே கசக்கிய சட்டையோடு போய் நின்றேன்.

"வாடகைக்கு வீடு பார்க்க வந்தேண்ணே. தெரு எப்படி?"

"அமைதியான தெரு சார். எங்கேருந்து வர்றீங்க?"

"மடிப்பாக்கம். பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்துல இருக்கேன்."

"பெரியப்பா என்ன பண்றாரு?"

"ரிட்டயர்டு வாத்தியார்."

"பசங்க?"

"ஒரே பொண்ணு. எம்.காம்."

பெட்டிக்குள் கரியையும் வெளியே என் வாயையும் ஒரே கையால் கிளறிக்கொண்டிருந்தார் மனிதர். அக்கா வேலைக்குப் போவது, பெரியப்பாவின் சர்க்கரை, போன வருஷம் தட்டிப்போன வரன் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. காலரை மடித்தபடி கடைசியில் சொன்னார்:

"இந்தத் தெருவுல வாடகை வீடே கிடையாது சார். மூணாவது வீட்டுப் பையன் தங்கமான பையன். தைரியமா பேசுங்க."

வந்த வழியே ஓடினேன். வீட்டுக்குள் நுழையும்போது பெரியப்பா போனை வைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்டுலேருந்துதான். 'உங்க தம்பி பையன் விசாரிச்சுட்டுப் போனாராமே, சட்டையை விட்டுட்டுப் போயிட்டாரு'ன்னாங்க. என் சுகர் எவ்வளவுன்னு வேற கேட்டாங்கடா!"

மீசையை இழுத்துக்கொண்டேன், சட்டை மாட்டிக்கொண்டது. கரப்பானைப் பார்த்துப் பாடம் படித்தது தப்பு, எறும்பைப் பார்த்திருக்க வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் நின்று ஒன்றின் மீசையை ஒன்று தடவிப் பார்க்கும். விசாரித்தது எது, விசாரிக்கப்பட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கல்யாணம் நடந்தது. இஸ்திரிக்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "சார், பத்து ரூபாய் பாக்கி."