பந்தி அங்கே, பாத்தி இங்கே

"அது நம்ம பூனை இல்லையே தம்பி. அது பாட்டுக்கு வருது, சாப்புடுது, போகுது."

இதைச் சொல்லும்போது மாஸ்டரின் கையில் நெத்தலி பிசைந்த சோற்றுச் சட்டி இருக்கும். காலைச் சுற்றி ஏழெட்டு வால்கள் நிமிர்ந்து நிற்கும். அதில் ஒன்று அவருடைய சாரத்தின் கரையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அவருடைய பூனை இல்லை.

பல்லேகலயில் லேனுக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார். சில லேன்களில் அவர் டீச்சரம்மாவாக இருப்பார், சிலவற்றில் ஓய்வுபெற்ற பேங்க் மெனேஜராக இருப்பார். எங்கள் லேன்காரரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்று யாராவது அவரிடம் போய்ச் சொன்னால் மறுத்துவிடுவேன். மறுப்பது எப்படி என்பதை அவரிடம்தானே படித்தேன்.

விடிய எழும்பி, தகரத் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். கூரை, கான், மதில், நிறுத்தி வைத்த ஓட்டோவின் அடி என்று எங்கெங்கிருந்தோ கூட்டம் இறங்கி வரும். பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய மீன்காரர் "மாலு... மாலு..." என்று கூவி வந்தால் இரண்டாம் பந்தி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாப்பாடு. வெள்ளைச்சி டின் மீனைத் தொடமாட்டாள். கறுப்பனுக்கு உப்பு ஆகாது, அதனால் கருவாட்டை ஊறவைத்துப் பிழிய வேண்டும். மூளிக்குப் பல் போய்விட்டது, சோற்றைக் குழைக்க வேண்டும். யாருக்கு யார் மகள், யாருக்கு எந்த மழையில் சளி பிடித்தது, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். கறுப்பனின் பாட்டி எந்த வீட்டு அட்டைப் பெட்டியில் பிறந்தாள் என்பதுகூடத் தெரியும். யாருடைய பூனை என்று மட்டும் தெரியாது.

சட்டமும் தெரியும். நாயைப் பதிவு செய்ய 1901ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. "பூனைக்கு அப்படி இருக்கா தம்பி? காட்டுங்க பார்ப்போம்." காட்ட முடியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சின்னக் கல்லை எடுக்கட்டும். அந்த நிமிடமே அத்தனை பூனைக்கும் தகப்பனாகிவிடுவார். மிருக வதைத் தடைச் சட்டம், 1907, 13ஆம் இலக்கம் என்று பாடமே நடக்கும். அந்தச் சட்டம் எழுதியபோது வைத்த உச்ச அபராதம் நூறு ரூபாய். இன்றைக்கு அந்த நூறு ரூபாய்க்குக் கறுப்பனின் ஒரு நேரச் சாப்பாடும் வராது என்பது வேறு கதை.

வருவதையும் சாப்பிடுவதையும் போவதையும் சொல்லும் மாஸ்டர், எங்கே போகிறது என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. என் வளவுக்குப் போகிறது.

2022 ஜூனில், உணவுக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று பயந்து, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள் அல்லவா? என் பாத்திகள் அந்த வெள்ளிக்கிழமைகளில் பிறந்தவை. கன்னொறுவைக்குப் போய் விதை வாங்கி, மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, கட்டி உடைத்து, மாவு மாதிரி ஆக்கினேன். பூனை காலங்காலமாகத் தேடுவதும் அதே மண்தான். காய்ந்திருக்க வேண்டும், பொலபொலவென்று இருக்க வேண்டும், கிண்டினால் கிண்டுப்பட வேண்டும். பீட்ரூட் விதை போட்டுத் தடவிவிட்டு, பைப்படியில் கை கழுவித் திரும்புவதற்குள் கறுப்பன் நடுப்பாத்தியில் நிற்பான். முன்னங்கால்களை மாற்றி மாற்றிக் குழி பறிப்பான், ஓர் அவசரமும் கிடையாது. திரும்பி உட்காருவான். காதைப் பின்னுக்குச் சாய்த்து நக்கிள்ஸ் மலைப்பக்கம் பார்ப்பான். நான் கூச்சல் போட்டால் ஒரு தடவை என்னைப் பார்ப்பான், பிறகு மலையை. முடித்த பிறகு மூடுவதில்தான் அவனுடைய ஒழுக்கம் எல்லாம். சுற்றியுள்ள மண்ணையெல்லாம் விதையோடு சேர்த்து இழுத்து ஒரே கும்பமாக்கிவிடுவான். பீட்ரூட் முளைக்கும்போது ஒரு சதுர அடிக்குள் மொத்தப் பக்கெட்டும் முளைக்கும்.

முறையிட்டால் மாஸ்டருக்குக் கோபம் வராது. அதுதான் பெரிய இடைஞ்சல். அனுதாபம் வரும். "ஐயோ, அப்படியா? சேதனப் பசளைதானே தம்பி." 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திவிட்டு, அந்த வருசம் முடிவதற்குள் பின்வாங்கினார்களே, மாஸ்டர் இன்னும் பின்வாங்கவில்லை. பூனை என்ன, மாடா? முழுக்க முழுக்க மாமிசம் தின்கிற பிராணி. அதன் கழிவை மரக்கறிப் பாத்தியில் போடக்கூடாது என்று சொன்னால், மாமல்லபுரத்துப் பாறையில் பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனைக்குத் தாவிவிடுவார். அங்கிருந்து கம்பர் தன்னையே பாற்கடலை நக்கப் போன பூனையாகச் சொன்னதற்கு வருவார். கடைசியில் வைணவம். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் கடவுள் நம்மைத் தூக்கிச் செல்வார் என்பது தென்கலை, குரங்குக் குட்டிபோல் நாம்தான் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. எங்கள் லேனில் இரண்டு கலைக்கும் குறைவில்லை. கூரையில் குரங்கு, பாத்தியில் பூனை.

போன வருசம், 2025 மார்ச் 15ஆம் திகதி, காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிசம், அவரவர் வளவில் நிற்கும் குரங்கையும் மயிலையும் எண்ணித் தரும்படி அரசாங்கம் கேட்டது. மாஸ்டர் பேனையும் கடதாசியுமாக மிடுக்காக நின்றார். எனக்கு அன்றைக்கு ஒரு குரங்கும் வரவில்லை. வந்ததை எண்ணிக்கொடுக்கப் படிவத்தில் இடமில்லை.

பரிகாரமும் அவரே சொல்வார். தன் வீட்டில் தின்றுவிட்டு வரும் பிராணியை என் வீட்டில் எப்படித் தடுப்பது என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு வகுப்பு. தோடம்பழத் தோல் போடச் சொன்னார். கோப்பித் தூள் சக்கை தூவச் சொன்னார். போத்தலில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைக்கச் சொன்னார், ஜப்பானில் வீதிக்கு வீதி அப்படித்தானாம். ஜப்பானில் வைப்பது உண்மைதான். அங்கேயும் பூனைகள் அதன் பக்கத்திலேயே படுத்திருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். தோலும் சக்கையும் மணம் இருக்கும் வரைக்கும்தான். இந்த ஊர் மழைக்கு அது எத்தனை நாள்? 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியா 266 ஓட்டம் எடுத்த பிறகு, பாகிஸ்தானுக்கு ஒரு பந்தும் போட விடாமல் முடிவில்லாத ஆட்டமாக்கிய மழை இது. மாஸ்டரோடு நான் நடத்திய பேச்சுவார்த்தைகளும் அந்த ரகம்தான்.

உருப்படியாக உதவியது கோழிக்கூட்டுக் கம்பிவலை. விதை போட்டதும் மண்ணோடு மண்ணாக விரித்துவிட்டால் கன்று கண்ணிக்குள்ளால் வரும், பூனைக்குக் கிண்ட முடியாது. வெட்டிப்போட்ட தேசிமுள்ளும் நல்லது. மண்ணை ஈரமாகவே வைத்திருந்தால் பாதி வருகை குறையும். ஆனால் எல்லாவற்றிலும் லேசான வழி ஒன்று உண்டு. சோறு போடும் வளவில் ஒரு மூலையில் காய்ந்த மணலைக் கொட்டி வைத்தால், பூனை மதில் ஏறும் வேலையே இல்லை. இதைச் சொன்னேன். "நம்ம வளவுலயா?" என்றார் மாஸ்டர். மூக்கைச் சுளித்தார்.

சிரிப்பு எனக்கு அந்த இடத்தில் நின்றுவிட்டது. வல்லாரையை நாம் வேகவைத்தா தின்கிறோம்? பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சம்பலாகத் தின்கிறோம். என் தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த நேரம் தினமும் என் வல்லாரைப் பாத்தியில்தான் பிடுங்கினாள். பூனைக் கழிவில் டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியின் முட்டை இருக்கலாம். கழிவு விழுந்து ஒன்றிலிருந்து ஐந்து நாளைக்குள் அது தொற்றும் பருவத்துக்கு வரும், ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். முதல் தடவை தொற்றும் பூனைதான் பெரும்பாலும் அதைக் கழிக்கிறது, அதுவும் சில வாரத்துக்கு. அதாவது வேட்டையாடப் பழகும் குட்டிகள். மாஸ்டர் வீட்டில் குட்டி இல்லாத பருவம் ஏது? ஒன்பது வாரத்தில் ஒரு ஈற்று, ஆறு மாதக் குட்டியே தாயாகிவிடும். மிஞ்சுகிற குட்டிகள் ஒருநாள் அதிகாலையில் அட்டைப் பெட்டியோடு காணாமல்போகும். திகன பஸ் போகும் வழியில் ஏதோ ஒரு சந்தைப் பக்கம் அது கிடக்கும். ஒப்பரேஷன் செய்வோம் என்றால் மட்டும் "வாயில்லா சீவன், பாவம்" என்பார். பெட்டிக்குள் இருப்பவை பாவமில்லையா, மாஸ்டர்?

இதையெல்லாம் முகத்துக்கு நேரே கேட்க வாய் வராது. காஸ் வரிசையில் நாள் கணக்காக நின்ற காலத்தில் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டியவர் அவர். முதல் உலை பூனைக்குத்தான். மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது தன் கோப்பையில் பருப்பும் சம்பலும் மட்டும் போட்டுக்கொண்டு, தட்டில் நெத்தலி குறையாமல் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீடியோ கோலில் அவர்கள் முதலில் கேட்பது கறுப்பனைத்தான். அதற்கும், "அது நம்ம பூனை இல்லையே" என்று அவர்களிடமும் சொல்கிறார்.

கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது நான் அல்ல. வெள்ளைச்சி அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே, கனடாவிலிருந்து வந்த குளிர்ச்சட்டையின் மேல் ஐந்து குட்டி ஈன்றாள். குட்டிகள் பால் மறந்த கையோடு, ஒப்பரேஷனுக்குப் பாதிக் காசு நான் போடுவதாகப் பேசி முடித்தோம். மரக்கறிக் கூடையில் அவளை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினோம். ஓட்டோவில் தென்னகும்புரப் பாலம் தாண்டும்வரை அவள் அழுதாள். பிறகு மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிருக வைத்தியரின் மேசையில் இருந்த பிள்ளை அட்டையை எடுத்தாள். பூனையின் பெயர் கேட்டாள். மாஸ்டர் சொன்னார். வயதைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், தின்பது தின்னாதது எல்லாம் கேட்காமலே சொன்னார். உரிமையாளர் பெயர்? மாஸ்டர் ஒரு செக்கன் கூரையைப் பார்த்தார்.

"தம்பி பேரைப் போடுங்க."

அட்டை இப்போது என் மேசை லாச்சியில் கிடக்கிறது. தையல் பிரித்த வெள்ளைச்சி பழையபடி அங்கே தின்று இங்கே வருகிறாள். போன கிழமை மதிலுக்கு மேலால் மாஸ்டர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். முகத்தில் பெரிய சங்கடம்.

"தம்பி, குறையா நினைக்காதீங்க. ராத்திரி உங்க பூனை எங்க குசினியில பூந்து மாசிப் போத்தலை உருட்டி உடைச்சிருச்சு. கொஞ்சம் கட்டுப்பாடா வச்சிக்கிட்டா நல்லது."