பட்டனைத் தட்டினால் எஸ்பிரெசோ

கே: கடையில் செமி ஆட்டோமேடிக், ஆட்டோமேடிக், ஃபுல்லி ஆட்டோமேடிக் என்று மூன்று சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது. (சேலம் வாசகர்)

ப: கொட்டையை அரைப்பது யார், தூளை அழுத்துவது யார், இறங்கும் காபியை நிறுத்துவது யார்? இந்த மூன்றையும் கேட்டால் தெளிந்துவிடும். செமியில் மூன்றும் உங்கள் வேலை. ஆட்டோமேடிக்கில் நிறுத்துவதை மட்டும் மெஷின் பார்த்துக்கொள்ளும். ஃபுல்லியில் கொட்டையையும் தண்ணீரையும் நிரப்பிவிட்டுப் பட்டனைத் தட்டினால் போதும். அதுவே அரைத்து, அழுத்தி, இறக்கி, சக்கையை உள்ளே இருக்கும் டப்பாவில் தள்ளிவிடும். விளம்பரத்தில் வெறுமனே 'ஆட்டோமேடிக்' என்று இருந்தால் கிரைண்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கவேண்டும்.

கே: 15 பார், 19 பார், 20 பார். எது உசத்தி? (திருச்சி வாசகர்)

ப: தூளின் மேல் விழவேண்டியது 9 பார் அழுத்தம். பெட்டியில் அச்சிட்டிருப்பது பம்பின் உச்ச சக்தி; நல்ல மெஷின் அதை உள்ளுக்குள்ளேயே குறைத்துக்கொள்ளும். இத்தாலியில் முதலில் நீராவியின் பலத்தில் ஒன்றரை, இரண்டு பாரில்தான் காபி இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மிலானில் அக்கீலே காஜ்ஜா ஸ்பிரிங் பூட்டிய நெம்புகோலால் அழுத்தத்தைக் கூட்டினார். எஸ்பிரெசோவின் மேல் நிற்கிற அந்தப் பொன்னிற நுரை அப்போது வந்ததுதான். 1961-ல் ஃபேமா நிறுவனத்தின் இ61 மெஷின் அந்த வேலையை மின்சாரப் பம்பிடம் கொடுத்து 9 பாரில் நிறுத்தியது. அன்றிலிருந்து கணக்கு பெரிதாக மாறவில்லை. 20 பார் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கே: வீட்டில் நான்கு பேர், தினம் எட்டு காபி. அறுபதாயிரம் வரை செலவழிக்கலாம். எதைப் பார்த்து வாங்குவது? (கோவை வாசகி)

ப: முதலில் மெஷினின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். தூளை வாங்கி அழுத்திக் காபி இறக்குகிற பாகத்துக்கு ப்ரூ யூனிட் என்று பெயர். அது கையால் கழற்றி எடுக்க வரவேண்டும். ஒவ்வொரு காபிக்கும் ஈரத்தூள் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவி, உலர்த்தி மாட்டலாம். சோப்பு வேண்டாம். டிலாங்கி மேக்னிஃபிகா, பிலிப்ஸ் 2200 போன்ற ஆரம்பநிலை மெஷின்களில் இது கழன்று வரும். யூரா மெஷின்களில் உள்ளேயே மூடியிருக்கும், மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்யவேண்டும். அருமையான மெஷின்கள்தான், ஆனால் விலையும் பராமரிப்பும் வேறு ரகம். உங்கள் கணக்குக்கு அது வேண்டாம்.

அடுத்தது சர்வீஸ். கோவையிலேயே ஆள் உண்டா, மெஷினைச் சென்னைக்கு அனுப்பவேண்டுமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பம்ப், ரப்பர் வளையம் எல்லாம் தேய்கிற சாமான்கள். நான்காவது வருடம் அவை கிடைத்தால்தான் மெஷின் மலிவு.

தொடுதிரை, பன்னிரண்டு வகைப் பானம், செல்போன் ஆப் ஆகியவற்றுக்குக் கொடுக்கிற பணம் காபியின் ருசியில் சேராது. ஒரே கம்பெனியில் விலை ஏற ஏற மாறுவது பெரும்பாலும் பால் நுரைக்கும் அமைப்பும் திரையும்தான். அரைப்பதும் இறக்குவதும் கீழ் மாடலிலும் கிட்டத்தட்ட அதே பாகங்கள். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல கொட்டை வாங்குங்கள்.

கே: இந்த மெஷினில் நம் பில்டர் காபி வருமா? (கும்பகோணம் வாசகர்)

ப: வராது.

விற்பவர்கள் தலையாட்டுவார்கள், நம்பாதீர்கள். பில்டரில் தண்ணீர் தன் கனத்தாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, நிதானமாக. எஸ்பிரெசோ 25, 30 விநாடியில் அழுத்தத்தோடு இறங்குகிறது. போதாக்குறைக்கு நம் தூளில் 20, 30 சதவீதம் சிக்கரி. அந்தக் கள்ளிச்சொட்டு நிறத்துக்கும் கனத்துக்கும் அதுவும் ஒரு காரணம். அதே தூளை மெஷினின் தூள் துவாரத்தில் போடலாமா என்று பலர் எழுதிக் கேட்கிறார்கள். கூடாது. சிக்கரி காபியைவிட அதிகம் கரையும், பிசுக்காகச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். முழுக்கொட்டை மட்டும் போடுங்கள்.

பில்டர் காபிக்குப் பக்கத்தில் ஓரளவு வரலாம். ரொபஸ்டா கலந்த கொட்டை வாங்கி, இரட்டை அளவு எஸ்பிரெசோ இறக்குங்கள். பாலை அடுப்பில் பொங்கக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி ஆற்றுங்கள். மெஷின் சூடாக்கும் பால் அறுபது, அறுபத்தைந்து டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். நாக்கு பொத்துப்போகிற சூட்டில் குடித்துப் பழகிய பெரியவர்கள் "ஆறிப்போச்சே" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். வீட்டில் எல்லோருக்கும் டபரா காபிதான் வேண்டும் என்றால் மெஷின் வாங்காதீர்கள். பித்தளைப் பில்டரை வெல்ல அதனால் முடியாது.

கே: என் பட்ஜெட் பத்தாயிரம். வாடகை வீடு, ஒரே ஆள். (சென்னை வாசகர்)

ப: இந்த விலைக்குக் கொட்டை அரைக்கிற புது மெஷினைத் தேடி அலையாதீர்கள். குறைந்த விலைப் பம்ப் மெஷின்கள் சில இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் வடிகட்டிக்கு இரட்டை அடி. ஊசிமுனை ஓட்டை வழியே காபி பீய்ச்சியடிப்பதால் நுரை எழும். பார்க்க அழகு, ருசியில் ஒன்றுமில்லை. 1933-ல் இத்தாலியில் பியலெட்டி செய்த மோகா பாத்திரம் இருக்கிறதே, அதையும் ஒரு நல்ல கை கிரைண்டரையும் வாங்குங்கள். அழுத்தம் குறைவு, அதனால் கறாராகச் சொன்னால் அது எஸ்பிரெசோ இல்லை. ஆனால் கெட்டியான, மணமான காபி. வீடு மாறும்போது ஒரு பையில் அடங்கும்.

கே: கேப்ஸ்யூல் மெஷின் சல்லிசாகக் கிடைக்கிறதே? (மதுரை வாசகி)

ப: மெஷின் சல்லிசு, காபி சல்லிசு இல்லை. 1986-ல் நெஸ்பிரெசோ ஆரம்பித்த வழி இது: குப்பிக்குள் ஐந்தாறு கிராம் தூள், குப்பி வாங்க அப்போது அவர்களிடமே போகவேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்டை மெஷினில் ஒரு காபிக்கு எட்டிலிருந்து பத்து கிராம் போகும். ஒரு கிலோ விலையை நூறால் வகுத்தால் ஒரு காபியின் விலை. அதை ஒரு குப்பி விலையோடு ஒப்பிட்டு, உங்கள் வீட்டு வருடக் கணக்கால் பெருக்குங்கள். தினம் ஒரே காபி குடிப்பவருக்குக் கேப்ஸ்யூல் சரி. குடும்பத்துக்குக் கட்டாது.

கே: அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே பாதி விலை என்கிறான். வரும்போது எடுத்துவரச் சொல்லவா? (நாகர்கோவில் வாசகர்)

ப: வேண்டாம் ஐயா. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் புகைதான். ஆயிரத்து ஐந்நூறு வாட் இழுக்கிற மெஷினுக்கு ஏற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைப் போலவே இடத்தை அடைக்கும், செலவும் வைக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50; பம்ப் அதையும் உணரும். இங்கே வாரண்டியும் செல்லாது. தம்பி ஆசைப்பட்டால் ஒரு நல்ல கை கிரைண்டர் வாங்கிவரட்டும், அதற்கு வோல்டேஜ் கவலை இல்லை.

கே: போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா? (வேளச்சேரி வாசகி)

ப: கூடவே கூடாது அம்மா. அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் ஹீட்டருக்குள் உப்பாகப் படியும். வீட்டு மெஷின்கள் சீக்கிரம் சாவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 10, 20 என்று அடிமட்டத்துக்குப் போனால் காபி சப்பென்று இருக்கும். நூறு, நூற்றைம்பதில் வையுங்கள். மெஷினோடு வரும் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, கடினத்தன்மையை அளந்து, அந்த எண்ணை மெஷினில் பதியுங்கள். உப்பு எடுக்கச் சொல்லி விளக்கு எரிந்தால் அன்றே செய்யுங்கள். கம்பெனி சொன்ன மருந்துதான். வினிகர் ஊற்றுவது ரப்பருக்கு ஆகாது.

கே: எந்தக் கொட்டை? (ஈரோடு வாசகர்)

ப: எண்ணெய் பளபளப்பு இல்லாத நடுத்தர வறுவல். எண்ணெய்க் கசிவுள்ள கருவறுவல் கிரைண்டரில் ஒட்டி, கொட்டை இறங்காமல் நின்றுவிடும். பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கவேண்டும், காலாவதித் தேதி மட்டும் போதாது. வறுத்து ஒரு வாரம் ஆனது முதல் ஒரு மாதம் வரை நல்ல காலம். ஏற்காடு, பழனி மலை, குடகு, சிக்கமகளூர் என்று நம்மைச் சுற்றியே விளைகிறது. இத்தாலியிலிருந்து மாதக்கணக்கில் பயணப்பட்டு வந்த பாக்கெட்டைவிடப் போன வாரம் வறுத்த ஏற்காட்டுக் கொட்டை மேல்.

கே: வாங்கி ஒரு வாரம். காபி தண்ணியாக வருகிறது. (திருநெல்வேலி வாசகர்)

ப: கம்பெனி வைத்த அளவிலேயே விட்டிருப்பீர்கள். அரைப்பதை ஒரு படி நைசாக்குங்கள். கிரைண்டர் ஓடும்போது மட்டுமே அந்தத் திருகைத் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். மாற்றம் தெரிய இரண்டு மூன்று காபி ஆகும், அவசரப்பட்டு மறுபடி திருகாதீர்கள். கூடவே ஒரு காபிக்கு இறங்கும் அளவை 35, 40 மில்லிக்குக் குறையுங்கள். தூள் அளவை உச்சத்தில் வையுங்கள்.

கே: பழைய மெஷின் பாதி விலைக்கு வருகிறது. (புதுச்சேரி வாசகர்)

ப: ப்ரூ யூனிட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவருக்குக் கழற்றத் தெரியவில்லை என்றால் இத்தனை நாள் கழுவவே இல்லை. திரும்பிவிடுங்கள்.

கே: வீட்டுக்காரருக்கு ஆசை. கழுவுகிற வேலை என் தலையில் விழுமோ? (தாம்பரம் வாசகி)

ப: விழும், இப்போதே பேசாவிட்டால். தினமும் சக்கை டப்பாவும் சொட்டுத் தட்டும், வாரம் ஒருமுறை ப்ரூ யூனிட், சில மாதத்துக்கு ஒருமுறை உப்பெடுப்பு. பால் அமைப்பை ஒவ்வொரு முறையும் உடனே கழுவவேண்டும், காய்ந்தால் நாறும். குழாய் இல்லாமல் இரண்டே துண்டாகப் பிரிகிற பால் குடுவை உள்ள மாடல் என்றால் அது ஒரு நிமிட வேலை. அந்த மாடலையே கேளுங்கள். கழுவும் பொறுப்பு அவருக்கு என்று ஒத்துக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.

கே: பழைய வீடு. சமையலறையில் மிக்ஸி பிளக் ஒன்றுதான். போதுமா? (காரைக்குடி வாசகர்)

ப: போதாது. இந்த மெஷின்கள் 1,450, 1,500 வாட் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், எர்த் சரியாக இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி, அடாப்டர் எதுவும் வேண்டாம். எலெக்ட்ரீஷியன் முதலில் வரட்டும், மெஷின் அடுத்த வாரம் வரட்டும்.