பி.ஏ. கமா

எங்கள் கல்யாணப் பத்திரிகை இன்னும் பீரோவில் இருக்கிறது. 1998 தை மாதத்துச் சரக்கு. மூலையில் தடவிய மஞ்சள் வெளுத்துவிட்டது, பிள்ளையார் பாதி அழிந்துவிட்டார். என் பெயருக்குப் பின்னால் அச்சடித்த பொய் மட்டும் அன்று போலவே பளிச்சென்று இருக்கிறது: 'பி.ஏ.,'.

நான் பி.ஏ. சேர்ந்தது உண்மை. இரண்டாம் வருஷத்தோடு நானும் கல்லூரியும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். பெண் கேட்கப் போன இடத்தில் என் மாமா, "பையன் பி.ஏ. வரைக்கும் படிச்சிருக்கான்" என்றுதான் சொன்னார். அந்த 'வரைக்கும்' அச்சகத்துக்குப் போகிற வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

நம் ஊரில் பட்டத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தால் போதாது, ஒரு கமாவும் போட்டாக வேண்டும். கமா போட்டிருக்கிறதே, மேற்கொண்டு ஏதோ வரும்போலிருக்கிறது என்று என் வீட்டம்மா அன்றிலிருந்து காத்திருக்கிறாள். வந்தது சர்க்கரை வியாதி.

இப்படியே காலம் ஓடியிருக்கும். பெண்ணுக்கு வரன் அமைந்தது. படிப்பு முடியட்டும், மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் என்று பேச்சு. சம்பந்தி எம்.எஸ்ஸி., பி.எட்., சம்பந்தியம்மா எம்.ஏ., எம்.ஃபில். அவர்கள் பக்கத்தில் பெயரை விட வால் நீளம். எங்கள் பக்கத்தில் நான் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர், வாலில்லாதவன். "அப்பா, பேசாம இக்னோல சேர்ந்துடேன். வயசு வரம்பே கிடையாதாம்" என்றாள் பெண். குறைந்தது மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம், முடியாவிட்டால் ஆறு வருஷம் வரை இழுக்கலாம் என்றாள். இரண்டாவது பாதி எனக்கென்றே எழுதியது போலிருந்தது.

என் காலத்தில் இப்படி வீட்டிலிருந்தே படிப்பதற்குத் 'தபால் பி.ஏ.' என்று பெயர். தில்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே தபாலில் பாடம் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. மதுரைக்காரர்கள் 1971-ல். ஆனாலும் 'தபால்ல படிச்சவன்' என்று சொல்லும்போது நாங்கள் உதட்டைக் கொஞ்சம் பிதுக்குவோம். நேரில் போயும் படிக்காதவனுக்கு அந்தப் பிதுக்கல் அவசியமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பகலெல்லாம் வேலை பார்த்து, ராத்திரி அந்தப் புத்தகங்களைப் படித்து, ப்ரமோஷன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இப்போது எனக்கு அதிகாரி.

1985-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு ஆரம்பித்த பல்கலைக்கழகம் இக்னோ. எனக்கு அதைத் தூர்தர்ஷனில் பழக்கம். காலங்காத்தாலே ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் கிராஃப் போடுவார். படம் ஏதாவது போடுவார்கள் என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து, அவரையே வெறித்துப் பார்த்தபடி காபி குடிப்பேன். அந்த வகையில் நான் பழைய மாணவன்.

சேர்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. பி.ஏ.வுக்கு அப்போது 132 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டுமாம். ஆபீஸ் கால்குலேட்டரில் தட்டினேன்: 3960 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் படித்தால் பத்து வருஷம் தாண்டும், பேரன் நர்சரியில் 'ஏ, பி' சொல்லும்போது நான் 'பி.ஏ.' சொல்லலாம். மூன்று வருஷத்தில் முடிக்க தினம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நான் ஒரே நாளில் மூன்றரை மணி நேரம் உருப்படியாகச் செய்கிற காரியம் தூக்கம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டடி சென்டரில் வகுப்பு. அதை வகுப்பு என்று சொல்லித் தொலைத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். இங்கே வகுப்புக்குப் பெயர் கவுன்சிலிங், வாத்தியாருக்குப் பெயர் கவுன்சிலர். முதல் ஞாயிறு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "கவுன்சிலிங்குக்கு நேரமாச்சு, நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அடுத்த வீட்டு ரிட்டயர்டு வி.ஏ.ஓ. சுவருக்கு அந்தப் பக்கம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பு அப்படியே நின்றது.

சாயங்காலம் வாசலிலேயே மடக்கினார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிற நேரத்துல இது தேவையா? ஆம்பளதான் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்."

"ஐயோ சார், அது பி.ஏ.வுக்கு..."

"பி.ஏ. பத்தாது தம்பி. குடும்பக் கோர்ட்டுக்கெல்லாம் பி.எல். படிச்ச ஆளாப் பாருங்க."

அதற்குள் அவர் வீட்டம்மா எங்கள் சமையலறைக்குள் வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அடுத்த ஞாயிறு ஒரு டப்பா முறுக்கு வந்தது. அதற்கடுத்த ஞாயிறு அதிரசம். தெருவே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது, மளிகைக்கடைக்காரர் கூட மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார். விஷயம் தெரிந்து, "நீ எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் குதித்தேன்.

"சொல்லியிருப்பேன். அதிரசம் நல்லா இருந்துச்சு."

அசைன்மென்டை நம் கையாலேயே எழுதித் தர வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது அதற்கு. இருபது வருஷமாக என் பேனா கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. பி.எச்.ஐ.சி. 131, பண்டைய இந்திய வரலாறு. மூன்று பக்கத்தில் விரல் வீங்கி, தைலம் தேய்த்துக்கொண்டு எழுதினேன். தாள் முழுக்கத் தைல வாசனை. திருத்தியவருக்குத் தலைவலி இருந்திருந்தால் போயிருக்கும்.

ஹரப்பா நகர அமைப்பைப் பற்றிய கேள்வியில் ஆழ்ந்திருந்தேன். மொகஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு குளியலறை, அதிலிருந்து தெருச் சாக்கடைக்கு வடிகால், எல்லாம் சுட்ட செங்கல் கட்டுமானம், மேலே மூடி, அங்கங்கே தூர் வாருவதற்கு வாய். மனம் நெகிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, சிங்க் அடைச்சுக்கிச்சு."

"இரு, சாக்கடை பத்தித்தான் எழுதிட்டிருக்கேன்."

கால் மணி நேரம் பொறுத்து இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். நான் எழுதியதை எட்டிப் பார்த்தாள். "நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி அவன் கட்டினதை எழுதவே இவ்வளவு நேரமா? அவன் கட்டியே முடிச்சிருப்பான்" என்றாள். சிங்க்கை அவளே குத்திவிட்டாள். ஹரப்பாவுக்கு எனக்கு நல்ல மார்க்.

பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். முதல் பரீட்சைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழுக்கால் சட்டை, தோல் பையோடு போனேன். அறைக்குள் நுழைந்ததும் கொரியர் கொடுக்கும் பையன்கள், நர்ஸ் பெண்கள், ஒரு போலீஸ்காரர் என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நான் பாட்டுக்குப் பரவாயில்லை, உட்காருங்கள் என்று கையமர்த்தினேன். அந்தக் கௌரவத்தோடு அப்படியே திரும்பி வந்திருக்கலாம். எனக்குப் போட்டிருந்த இடம் கடைசி பெஞ்ச். நடுவில் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டது தெரிந்து, கொரியர் பையனிடம் ஹால் டிக்கெட்டை நீட்டி, "தம்பி, இதுல என் நம்பர் என்ன?" என்று கேட்டேன். "சார், நீங்க ஸ்க்வாட் இல்லையா?" என்றான். பாவம், அவன் ஒளித்துவைத்த துண்டுச்சீட்டை எனக்குப் பயந்து விழுங்கியிருந்தான்.

ஒவ்வொரு பேப்பராகக் கரையேறினேன். 35 எடுத்தால் பாஸ், நான் சிக்கனக்காரன், அதற்கு மேல் செலவு செய்யவில்லை. சுற்றுச்சூழல் பேப்பரைத்தான் அலட்சியமாக நினைத்துவிட்டேன். அதில் படிக்க என்ன இருக்கிறது, உலக அறிவை வைத்து எழுதிவிடலாம் என்று போய், எங்கள் தெருமுனையில் குப்பை கொளுத்துவதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். அது விடைத்தாள், நகராட்சிக்குப் போட்ட மனு இல்லை என்பது ரிசல்ட் வந்த அன்று தெரிந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி குப்பை. ஆங்கிலத்தில் ஒரு பேப்பரும் அதற்குத் துணையாக நின்றுவிட்டது.

மூன்று வருஷம் முடிந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். பத்திரிகை அடிக்க அதே பழைய அச்சகத்துக்குப் போனோம். இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள், பழைய முதலாளியின் பையன் உட்கார்ந்திருந்தான். சம்பந்தி வீட்டு வாலையெல்லாம் மூச்சு வாங்காமல் தட்டி முடித்துவிட்டு என் பெயருக்கு வந்தான்.

"உங்களுக்கு என்ன போடறது சார்?"

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள்.

"பி.ஏ.தான். ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு" என்றேன்.

அவன் விரலை விசைப்பலகைக்கு மேல் நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப கமா மட்டும் போட்டுடவா சார்?"